காலி கேட்ச்: குற்றம் யாருடையது?

ஜாவா படிக்கும் மாணவர்களின் லேப் ரெக்கார்டுகளைப் புரட்டினால் ஒரே வடிவம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஃபைலைத் திறக்கும் ஒரு வரி, அதைச் சுற்றி ட்ரை, கீழே ஒரு கேட்ச். அந்தக் கேட்சின் அடைப்புக்குறிகளுக்கு நடுவே ஒன்றும் இருக்காது. மிஞ்சிப்போனால் ‘எரர்’ என்று அச்சிடும் ஒரு வரி இருக்கும். புரோகிராம் கம்பைல் ஆகிவிடும், ஓடியும் விடும், மார்க்கும் விழும். அந்த ஃபைல் இல்லாத கணினியில் என்ன ஆயிற்று என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் போகும்.

இதை மாணவரின் சோம்பல் என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அதில் சம்மதமில்லை. ஜாவாவை வடிவமைத்தவர்கள் எடுத்த ஒரு முடிவுக்கும், நாம் அதைப் பாடமாக்கிய வரிசைக்கும் இதில் பங்கு உண்டு. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை நிறுத்துப் பார்க்க வேண்டும்.

தோல்வியை எறிந்து அறிவித்து, அதை கேட்சில் பிடிக்கும் எக்செப்ஷன் என்ற ஏற்பாடே தேவைதானா என்பதிலிருந்து தொடங்கலாம். சி மொழியில் அது கிடையாது. ஒரு ஃபங்ஷன் தோற்றால் ஏதோ ஒரு மதிப்பைத் திருப்பித் தந்து அதை அறிவிக்கும். அழைத்தவர் பார்த்தால் உண்டு, பார்க்காவிட்டால் இல்லை. எழுத்துகளை எண்ணாக மாற்றும் ‘ஏடூஐ’ ஃபங்ஷனிடம் ‘0’ என்று கொடுத்தாலும் பூஜ்யம் வரும், ‘அஆஇ’ என்று கொடுத்தாலும் அதே பூஜ்யம்தான் வரும். சரியான விடையும் தோல்வியும் ஒரே உருவில் வந்து நிற்கும்போது அழைத்தவர் எதை நம்புவார்?

ஆப்ஜெக்ட் சார்ந்த மொழிகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. கன்ஸ்ட்ரக்டர் எந்த மதிப்பையும் திருப்பித் தருவதில்லை. மைனஸ் 500 ரூபாய் இருப்போடு ஒரு வங்கிக் கணக்கு ஆப்ஜெக்டை உருவாக்கச் சொன்னால் அது எப்படி மறுக்கும்? எக்செப்ஷன் இல்லையென்றால் பழுதான ஆப்ஜெக்ட் ஒன்று பிறந்து கைக்கு வந்துவிடும். அதைத் தொடும் ஒவ்வொருவரும் ‘நீ சரியாக இருக்கிறாயா?’ என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். எக்செப்ஷன் இருந்தால் அந்த ஆப்ஜெக்ட் யார் கைக்கும் வராது. ஐஃபெல் மொழியை உருவாக்கிய பெர்ட்ரண்ட் மேயர் இதை மிகக் கறாராக வகுத்தார். அவர் கணக்கில் ஒரு மெத்தட் தான் ஏற்ற ஒப்பந்தத்தை நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் தோற்றதாக அறிவிக்க வேண்டும். எக்செப்ஷன் வந்தால் மறுபடி முயலலாம், அல்லது தோல்வியை மேலே அனுப்பலாம். ஒன்றுமே நடக்காததுபோல் இயல்பாகத் திரும்பிவிட ஐஃபெல் வழி வைக்கவில்லை. ஆகவே எக்செப்ஷன் என்ற ஏற்பாட்டின்மேல் எனக்கு வழக்கு ஏதும் இல்லை. ஆப்ஜெக்டின் நேர்மையைக் காக்க அதைவிடப் பொருத்தமான கருவி இந்த வகை மொழிகளில் இல்லை.

வழக்கு இருப்பது 1996இல் வெளிவந்த ஜாவா அதன்மேல் போட்ட ஒரு நிபந்தனையோடு. ஜாவா எக்செப்ஷன்களை இரண்டு கூறாக்கியது. ரன்டைம்எக்செப்ஷன் கிளையில் வருபவற்றைப் பற்றிக் கம்பைலர் கேள்வி கேட்காது. எரர் கிளையும் அப்படியே. மற்றவை செக்டு எக்செப்ஷன்கள். ஒரு மெத்தட் ஐஓஎக்செப்ஷனை எறியக்கூடும் என்றால், அதை அழைப்பவர் அங்கேயே கேட்ச் செய்ய வேண்டும். அல்லது ‘என்னிடமிருந்தும் இது வரக்கூடும்’ என்று தன் மெத்தடின் தலைப்பில் த்ரோஸ் போட்டு எழுத வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் கம்பைல் ஆகாது.

இதற்குப் பின்னால் இருந்த எண்ணம் மதிக்கத் தக்கது. ஃபைல் காணாமல் போகும், நெட்வொர்க் அறுந்துபோகும். அதை மறந்துவிட்டு எழுதாதே என்று மொழியே நினைவூட்டுகிறது. தோல்வி என்பது மெத்தடின் தலைப்பிலேயே எழுதப்பட்ட உடன்பாட்டின் ஒரு பகுதியாகிறது. இன்னொரு நன்மையும் உண்டு, பாடப்புத்தகங்கள் அதைப் போதிய அளவு சொல்வதில்லை. தாய் கிளாஸின் மெத்தடை மாற்றி எழுதும் சேய் கிளாஸ், தாய் அறிவிக்காத புதிய செக்டு எக்செப்ஷனை எறியக் கூடாது. தாயை நம்பி எழுதப்பட்ட நிரல் சேயிடம் போய் ஏமாறக் கூடாது என்பதே காரணம். இன்ஹெரிட்டன்ஸ் என்பது ஒரு வாக்குறுதி என்று மாணவருக்குக் கம்பைலரே உணர்த்தும் அரிய இடம் இது.

எண்ணம் நல்லது, எல்லைக்கோடு தவறான இடத்தில் விழுந்தது. இரண்டு மெத்தடுகளை அருகருகே வைத்தால் இது தெரியும்.

யூஆர்எல்என்கோடர் கிளாஸின் என்கோடு மெத்தடுக்கு எழுத்துக் குறிமுறையின் பெயரையும் ஸ்ட்ரிங்காகக் கொடுக்க வேண்டியிருந்தது. ‘யூடிஎஃப்-8’ என்று கொடுப்போம். அந்தக் குறிமுறையை எல்லா ஜாவா தளங்களும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று ஜாவாவின் விதியே சொல்கிறது. அதாவது அது இல்லாமல் போக வாய்ப்பில்லை. ஆனாலும் அந்த மெத்தட் ஒரு செக்டு எக்செப்ஷனை அறிவிக்கிறது. நடக்கவே நடக்காத ஒன்றுக்கு ஒவ்வொருவரும் கேட்ச் எழுத வேண்டும். அங்கே காலி கேட்ச் எழுதுவதைத் தவிர மனிதர் வேறு என்ன செய்வார்? 2018இல் ஜாவா 10 வந்தபோதுதான் இந்த எக்செப்ஷன் இல்லாத மாற்று மெத்தடைச் சேர்த்தார்கள்.

இப்போது இன்டீஜர் கிளாஸின் பார்ஸ்இன்ட் மெத்தடைப் பாருங்கள். பயனர் தட்டிய எழுத்துகளை எண்ணாக மாற்றுவது அதன் வேலை. ‘௧௨’ என்று தமிழ் இலக்கத்தில் தட்டினால்கூட 12 என்று சரியாக எடுத்துக்கொள்ளும். ‘12அ’ என்று தட்டினால் நம்பர்ஃபார்மேட்எக்செப்ஷன் வரும். பயனர் தவறாகத் தட்டுவதைவிட முன்கூட்டி எதிர்பார்க்கக்கூடிய தவறு உண்டா? அதற்குத்தான் கம்பைலர் எச்சரிக்க வேண்டும். ஆனால் அது அன்செக்டு. கம்பைலர் வாய் திறக்காது. நடக்காததற்குக் கட்டாயம், நாள்தோறும் நடப்பதற்கு மௌனம். புதிதாகப் படிப்பவர் இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வார்? கேட்ச் என்பது ஆபத்தைப் பற்றிய சிந்தனை என்று அவருக்குத் தோன்றாது. கம்பைலரின் வாயை அடைக்கும் சடங்கு என்றுதான் தோன்றும்.

சி ஷார்ப் மொழியின் தலைமை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் 2003இல் அளித்த ஒரு பேட்டியில், தாங்கள் ஏன் செக்டு எக்செப்ஷனை ஏற்கவில்லை என்று விளக்கினார். நூலகத்தின் அடுத்த பதிப்பில் ஒரு மெத்தட் புதிய எக்செப்ஷனை எறியத் தொடங்கினால் அதை நம்பியிருந்த நிரல்கள் எல்லாம் உடைகின்றன என்பது ஒன்று. பல அடுக்குகள் கொண்ட பெரிய மென்பொருளில் எக்செப்ஷன் பட்டியல் மேலே போகப் போகப் பெருத்துக்கொண்டே போகிறது, கடைசியில் ஆட்கள் அலுத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே வலையில் பிடித்துவிடுகிறார்கள் என்பது இன்னொன்று. அதே ஆண்டில் ஜாவாவின் தந்தை ஜேம்ஸ் கோஸ்லிங் தன் முடிவை ஆதரித்துப் பேசினார். ஆனால் ஜாவா உலகமே மெல்ல மெல்லக் கட்சி மாறியது. ஜாவா நிரலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஸ்பிரிங் தன் தரவுத்தள எக்செப்ஷன்களை அன்செக்டாகவே வைத்தது. தரவுத்தள நூலகமான ஹைபர்நேட் தன் மூன்றாம் பதிப்பில் அந்தப் பக்கம் சாய்ந்தது. 2014இல் ஜாவா 8 லாம்டாவைக் கொண்டுவந்தபோது அதன் அடிப்படை இன்டர்ஃபேஸ்கள் செக்டு எக்செப்ஷனை ஏற்கவில்லை; ஐஓஎக்செப்ஷனைப் பொதிந்து அனுப்ப ஓர் அன்செக்டு உறையை நூலகத்திலேயே சேர்க்க வேண்டியதாயிற்று. ஜாவாவோடு இணைந்தே ஓடும் காட்லின் மொழி இந்தக் கட்டாயத்தை முழுதாகக் கைவிட்டது.

இவற்றை வைத்துச் செக்டு எக்செப்ஷனே தோல்வி என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம். டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. கசாண்ட்ரா, ஹெச்பேஸ், ஹெச்டிஎஃப்எஸ், மேப்ரெட்யூஸ், ரெடிஸ் ஆகிய ஐந்து மென்பொருள் அமைப்புகளில் நேர்ந்த 198 செயலிழப்புகளை எடுத்து அலசினார்கள். அவற்றில் பேரழிவு என்று சொல்லத்தக்கவற்றில் 92 சதவீதம், நிரலிலேயே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்த சாதாரணப் பிழைகளைத் தவறாகக் கையாண்டதால் வந்தவை. எச்சரிக்கை வந்தது, வாங்கியவர் சரியாகக் கேட்கவில்லை. பேரழிவுகளில் 35 சதவீதத்துக்குக் காரணம் மிக அற்பமானது. பிழை கையாளும் பகுதி காலியாகவோ லாக் மட்டும் எழுதுவதாகவோ இருந்தது. அல்லது எல்லா எக்செப்ஷனையும் ஒன்றாகப் பிடித்து அமைப்பையே நிறுத்தியது. அல்லது ‘பிறகு சரிசெய்ய வேண்டும்’ என்ற குறிப்போடு அப்படியே விடப்பட்டிருந்தது. அந்தக் கடைசி வகையைப் படித்ததும் எனக்கு ஜாவா நிரல் எழுத உதவும் எக்ளிப்ஸ் மென்பொருள் நினைவுக்கு வந்தது. கம்பைலர் செக்டு எக்செப்ஷனைக் கேட்டால், ஒரு கிளிக்கில் ட்ரையும் கேட்சும் போட்டு, உள்ளே ‘டூடூ’ குறிப்பையும் ஸ்டாக் ட்ரேஸை அச்சிடும் வரியையும் தானாக நிரப்பித் தரும் வசதி அதில் நெடுங்காலம் இருந்தது. எத்தனையோ மாணவர்களின் முதல் கேட்ச் அவர்கள் எழுதியதே அல்ல.

ஐந்தில் நான்கு அமைப்புகள் ஜாவாவில் எழுதப்பட்டவை, எழுதியவர்களும் தேர்ந்த பொறியாளர்கள். ஆகவே கட்டாயம் மட்டும் அக்கறையைத் தந்துவிடாது என்று சொல்ல இந்த ஆய்வு போதும். கட்டாயம் இல்லாதிருந்தால் நிலைமை மேலாக இருந்திருக்கும் என்று சொல்ல இது போதாது.

அதைச் சொல்ல முடியாது என்பதற்குப் பைதானே சாட்சி. அங்கே கம்பைலர் யாரையும் மிரட்டுவதில்லை. ஆனாலும் புதியவர் எழுதும் ஒரு புரோகிராமைப் பாருங்கள். வயதைக் கேட்டு, எண்ணாக மாற்றி, ஒரு லிஸ்டில் சேர்க்கிறது. சரியான எண் வரும்வரை மறுபடி மறுபடி கேட்க ஒரு லூப். உள்ளே ட்ரை. கீழே எந்த எக்செப்ஷன் என்று பெயர் சொல்லாத வெறும் எக்செப்ட். அதில் ‘எண்ணைச் சரியாகத் தட்டவும்’ என்ற செய்தி. லிஸ்டின் பெயரில் ஓர் எழுத்து தவறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பயனர் 25 என்று தட்டுகிறார். ‘எண்ணைச் சரியாகத் தட்டவும்’ என்கிறது. மறுபடி 25. மறுபடி அதே பதில். உண்மையில் வந்திருப்பது நேம்எரர். அதை வெறும் எக்செப்ட் விழுங்கிவிட்டது. சலித்துப்போய் கண்ட்ரோல்-சி அழுத்தினால் அதுவும் ஓர் எக்செப்ஷனாக வந்து அதே வலையில் விழுந்து, ‘எண்ணைச் சரியாகத் தட்டவும்’ என்றே திரும்ப வரும். புரோகிராமை நிறுத்தக்கூட முடியாமல் டெர்மினலை மூடவேண்டியதுதான். தவறு நிரலில் இருக்க, பழி பயனர்மேல் விழுகிறது. எக்செப்டுக்குப் பக்கத்தில் வேல்யூஎரர் என்று பெயரை எழுதியிருந்தால் நேம்எரர் பிடிபடாமல் மேலேறி, எந்த வரியில் எந்தப் பெயர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றிருக்கும். இரண்டே நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம்.

எனவே நோயின் வேர் செக்டு எக்செப்ஷனுக்கும் கீழே போகிறது. எக்செப்ஷனைப் பிடிப்பது நல்ல பழக்கம், பிடிக்காமல் விடுவது கவனக்குறைவு என்ற நம்பிக்கைதான் அந்த வேர். சிவப்பு எழுத்தில் ஸ்டாக் ட்ரேஸ் வந்தால் அவமானம் என்று மாணவர் நினைக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு வழி கிடைத்தால் விடுவாரா? ஜாவா செய்த தவறு, மறைப்பதையே மிகச் சுலபமான வழியாக வைத்தது. ரஸ்ட் மொழியோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே எக்செப்ஷன் இல்லை. தோற்கக்கூடிய ஃபங்ஷன் ரிசல்ட் என்ற மதிப்பைத் தருகிறது. உள்ளிருக்கும் விடை வேண்டுமானால் தோல்விக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். அதுவும் கட்டாயம்தான். ஆனால் அவசரக்காரர் அங்கே எழுதுவது அன்ராப். தோல்வி வந்தால் அது அந்த இடத்திலேயே சத்தம் போட்டு விழும். ஜாவாவில் அவசரக்காரர் எழுதும் காலி கேட்ச் சத்தமே போடாது. சோம்பல் எல்லா மொழியிலும் உண்டு. அது எந்தப் பக்கம் சாயும் என்பதை மொழியின் வடிவமைப்பு தீர்மானிக்கிறது.

அப்படியானால் எது நடந்தாலும் சத்தம் போட்டு விழுந்துவிடுவதே மேல் என்று சொல்லிவிடலாமா? 1996 ஜூன் 4 அதற்கு இடம் கொடுக்காது. அன்று தென் அமெரிக்காவின் கூரூ ஏவுதளத்திலிருந்து கிளம்பிய ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம், சுமார் 40 விநாடிகளில், 3,700 மீட்டர் உயரத்தில் வெடித்துச் சிதறி முடிந்தது. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் கணிக்கும் கருவியின் நிரல் ஏரியன் 4இலிருந்து எடுக்கப்பட்டது. அதில் 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் மதிப்பு கொள்ளாமல் எக்செப்ஷன் எழுந்தது. அப்படிப்பட்ட மாறிகள் ஏழு இருந்தன. கணினியின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற இலக்குக்காக நான்குக்கு மட்டும் பாதுகாப்பு எழுதி, மூன்றை அப்படியே விட்டிருந்தார்கள். எக்செப்ஷன் வந்ததும் கருவி விதிப்படி நடந்தது. கோளாறு என்று அறிவித்துவிட்டுத் தன்னை நிறுத்திக்கொண்டது. மாற்றுக் கருவியிலும் அதே நிரல்; அதுவும் அதே காரணத்தால் நின்றிருந்தது. கருவி அனுப்பிய கோளாறுக் குறிப்பை முதன்மைக் கணினி பறப்புத் தரவு என்று எடுத்துக்கொண்டு ராக்கெட்டைத் திருப்பியது. இத்தனைக்கும் அந்தக் கணக்கீடு, ராக்கெட் தரையை விட்டு எழுந்தபின் தேவைப்படாத ஒன்று.

இந்த விபத்தை ஆராய்ந்த விசாரணைக் குழு கண்டறிந்தவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: எக்செப்ஷன் வந்தால் பழுது வன்பொருளில்தான் இருக்கும், மாற்றுக் கருவி பார்த்துக்கொள்ளும் என்ற அனுமானத்தில் கையாளும் விதி எழுதப்பட்டிருந்தது. உணர்கருவி எதுவும் தன்னால் முடிந்த தரவை அனுப்புவதை நிறுத்தக் கூடாது என்று குழு பரிந்துரைத்தது. ரஸ்ட் பக்கமும் இதே பாடம் உண்டு: 2025 நவம்பர் 18 அன்று இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃப்ளேர் முடங்கி ஏராளமான இணையதளங்கள் திறக்காமல் போனதிலும் ரஸ்ட் நிரலில் இருந்த ஓர் அன்ராப் நடுநாயகமாக நின்றது. சத்தம் போட்டு விழுவது மறைப்பதைவிட நல்லது, அவ்வளவுதான். எங்கே விழலாம், எங்கே விழக் கூடாது என்ற முடிவை எந்த மொழியும் நமக்காக எடுக்காது.

அந்த முடிவை எடுக்கப் புதியவருக்கு எப்படிப் பழக்குவது? ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு 500 ரூபாய் மாற்றும் மெத்தடை எடுத்துக்கொள்வோம். முதல் வரி ஒன்றிலிருந்து எடுக்கிறது, இரண்டாவது வரி மற்றதில் போடுகிறது. இரண்டாவது கணக்கு முடக்கப்பட்டிருப்பதால் அது எக்செப்ஷன் எறிகிறது. மாணவர் இந்த மெத்தடுக்குள்ளேயே அதைப் பிடித்து ‘எரர்’ என்று அச்சிட்டால், பணம் ஒரு பக்கம் குறைந்திருக்கும், மறுபக்கம் ஏறியிருக்காது. அழைத்தவருக்கோ மாற்றம் நல்லபடியாக முடிந்தது என்றே தோன்றும். பிடிக்காமல் விட்டால் அழைத்தவருக்கு விஷயம் தெரியும், ஆனாலும் 500 ரூபாய் காணாமல் போனது போனதுதான். சரியான விடை கேட்சில் இல்லை. எடுக்க முடியுமா, போட முடியுமா என்ற இரண்டு சோதனையையும் முதலில் முடித்து, அதன் பிறகே இருப்பைத் தொட வேண்டும். அப்போது எக்செப்ஷன் எழுந்தாலும் இரண்டு ஆப்ஜெக்டும் பழைய நிலையிலேயே இருக்கும். பிழை கையாளுதல் என்ற பாடத்தின் பாதி இந்த வரிசையில்தான் இருக்கிறது. ட்ரை, கேட்ச், ஃபைனலி என்ற இலக்கணத்தில் அது தென்படாது. நம் தேர்வுத் தாள்களோ இலக்கணத்தையே கேட்கின்றன: எரருக்கும் எக்செப்ஷனுக்கும் வேறுபாடு என்ன, த்ரோவுக்கும் த்ரோஸுக்கும் வேறுபாடு என்ன. எக்செப்ஷனுக்குப் பின் ஆப்ஜெக்ட் எந்த நிலையில் நிற்கிறது என்ற கேள்வியை எத்தனை வினாத்தாளில் பார்த்திருக்கிறோம்?

என் தீர்ப்பு இது. எக்செப்ஷன் என்ற ஏற்பாடு ஆப்ஜெக்ட் சார்ந்த நிரலுக்குத் தேவையானது, அது தப்புகிறது. செக்டு எக்செப்ஷன் பாதி சரி. தோல்வியை மெத்தடின் தலைப்பில் எழுதச் சொன்னது சரி. மீள வழியில்லாத, நடக்கவே நடக்காத தோல்விகளுக்கும் அதையே கட்டாயமாக்கி, மௌனத்தை மலிவான வழியாக விட்டது தவறு. மிகப் பெரிய பங்கு பாடத்தை வரிசைப்படுத்திய நம்முடையது. பிடித்த எக்செப்ஷனை வைத்துக்கொண்டு செய்ய எதுவுமே தெரியாத நிலையில் இருக்கும் மாணவருக்கு முதல் வாரத்திலேயே கேட்சைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

ஆசிரியர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். முதலில் எறியக் கற்றுக்கொடுங்கள். தவறான மதிப்பு வந்தால் கன்ஸ்ட்ரக்டர் மறுக்கட்டும். செக்டு எக்செப்ஷன் குறுக்கிட்டால் மெயின் மெத்தடில் த்ரோஸ் எக்செப்ஷன் என்று எழுதி விட்டுவிடச் சொல்லுங்கள். படிக்கும் காலத்தில் அதுவே நேர்மையான விடை. ஸ்டாக் ட்ரேஸைக் கரும்பலகையில் எழுதி வரிவரியாக வாசித்துக் காட்டுங்கள். கேட்ச் கடைசியில் வரட்டும், அதுவும் பயனரிடம் திரும்பக் கேட்பது போல உருப்படியாகச் செய்ய ஏதாவது இருக்கும் இடத்தில் மட்டும். அடுத்த லேப் ரெக்கார்டில் காலி கேட்ச் இருந்தால், புரோகிராம் சரியான விடையைக் கொடுத்தாலும், மார்க்கைக் குறையுங்கள்.